தொண்ணூற்று நாலாவது மீட்டர்

ஈவ்லின் சாவதற்கு யாரும் அனுமதி கேட்கவில்லை. அவளைப் புதைப்பதற்குத்தான் கேட்க வேண்டியிருந்தது. அதையும் தான் உயிரோடு இருக்கும்போதே கேட்டுவைத்துவிடுவது நல்லது என்று அவளே சொல்லிவிட்டதால், பர்னபாஸ் ஒரு திங்கட்கிழமை காலையில் கோயிலுக்குப் போடும் வெள்ளைச் சட்டையை மாட்டிக்கொண்டு, கோரமண்டல் ஸ்டேஷனில் ரயிலேறி பங்காருபேட்டைக்குப் போனார்.

விஷயம் சின்னது. ஈவ்லினுக்கு இரண்டு சிறுநீரகமும் கைவிட்டிருந்தன. "ஈஸ்டர் வரைக்கும் பாக்கலாம்" என்று டாக்டர் சுவரிலிருந்த காலண்டரைப் பார்த்துச் சொன்னார். ஈவ்லினுக்கு அதில் பெரிய வருத்தம் ஒன்றும் இல்லை. அவளுக்கு வேண்டியதெல்லாம் மரியாவின் குழி. மரியா அவர்களுடைய ஒரே பெண். தொண்ணூற்று நாலில், பதினோரு வயதில், மஞ்சள் காமாலையில் போனவள். கோரமண்டல் கல்லறைத் தோட்டத்தில் எங்கே கடப்பாரை போட்டாலும் இரண்டாவது அடியில் பாறை சத்தம் கொடுக்கும். அதனால் ஒரு குடும்பத்துக்கு ஒரு குழி என்பது அங்கே வழக்கம். அடுத்தவர் போனால் அதே குழியைத் திறந்து மேலே வைத்து மூடுவார்கள். மரியாவின் பெயருக்குக் கீழே இன்னும் இரண்டு பெயருக்கு இடம் விட்டுத்தான் சிலுவையில் சிமெண்ட் பூசியிருந்தார் பர்னபாஸ்.

தடங்கல் அந்தப் பக்கத்துச் சரிவிலிருந்து வந்தது. கல்லறைத் தோட்டத்தைத் தாண்டிய மேட்டில், சுற்றிலும் குண்டுக் கற்கள் நட்ட பதினோரு மண்மேடுகள் இருந்தன. பாண்டவர் வீடு என்பார்கள். தங்கச் சுரங்கம் ஓடிய காலத்தில் அவற்றின் மேல் ஆடு மேய்ந்தது. சுரங்கம் மூடிய பிறகு ஆட்டோடு வேலை போன மனிதர்களும் உட்கார்ந்தார்கள். இரண்டு வருஷத்துக்கு முன்னால் மூத்தோர் நினைவிடப் பாதுகாப்பு வாரியம் வந்து கம்பிவேலி போட்டு, நீலப் பலகை ஒன்றை நட்டது. 'இது 3500 ஆண்டுகள் பழமையான புதிய கற்காலப் புதைமேடு' என்று முதலில் எழுதியிருந்தார்கள். வாரியத்துக்குள்ளேயே இன்னொரு கோஷ்டி, இல்லை, 2500தான் என்று வழக்குப் போட்டதால் எண்ணை மட்டும் அழித்துவிட்டார்கள். இப்போது பலகை, 'இது ஆண்டுகள் பழமையானது' என்று மட்டும் சொன்னது. அதை யாராலும் மறுக்க முடியவில்லை.

கடைசிக் கல்லிலிருந்து நூறு மீட்டர் தூரத்துக்குத் தடை வட்டம். அதற்குள் யாரும் மண்ணைத் தொடக்கூடாது. கல்லறைத் தோட்டத்தில் பாதி அந்த வட்டத்துக்குள் போயிற்று. மரியாவும் போனாள்.

வாரியத்தின் அலுவலகம் பங்காருபேட்டையில் ஒரு பழைய அரிசி மண்டியின் மாடியில் இருந்தது. படியேறும் இடத்தில் கால் மடக்கிப் படுத்த எலும்புக்கூடு ஒன்றின் பெரிய படம். அதன் கீழே 'என்றும் உங்கள் சேவையில்' என்று எழுதியிருந்தது.

உள்ளே ரூபேஷ் இருந்தான். உதவிப் பாதுகாவலர் என்று மேசையில் பெயர்ப்பலகை. பெங்களூரில் படித்துவிட்டு வந்த, மீசை இன்னும் முடிவுக்கு வராத பையன்.

"என்ன வேணும் அங்கிள்?"

"குழி தோண்டணும் சார்."

ரூபேஷ் பேனாவைக் கீழே வைத்தான். தோண்டியவர்கள் பலர் அந்த அலுவலகத்துக்குக் கொண்டுவரப்பட்டிருக்கிறார்கள். தோண்டப்போகிறேன் என்று தானாக வந்து நின்றவர் இவர்தான் முதல். விவரம் கேட்டதும் அவன் முகம் இளகிற்று. அலமாரியைக் குடைந்து அகழ்வு விண்ணப்பம், படிவம் ஒன்பதை எடுத்து, தானே நிரப்பித் தர உட்கார்ந்தான்.

"இறந்தவர் எந்தக் காலம்? பழைய கற்காலம், புதிய கற்காலம், பெருங்கற்காலம். ஏதாவது ஒண்ணு டிக் பண்ணணும்."

"இப்ப காலம் இல்லீங்களா சார்?"

"இப்ப காலம் ஃபார்ம்ல இல்லியே அங்கிள்."

"அவ அம்பத்தெட்டுல பொறந்தவ."

"சரி, இருக்கறதுல புதுசு எதுவோ அதப் போட்டுக்கறேன்." அவன் ஒன்றை டிக் செய்தான். "கூட வைக்கிற பொருள்கள்?"

"ஜெபமாலை. மூக்குக் கண்ணாடி. அது இல்லாட்டி அவளுக்கு ஒண்ணும் தெரியாது."

"கண்ணாடி வேணாம் அங்கிள். பின்னால தோண்டுறவங்களுக்குக் குழப்பம் வரும்."

"பின்னால யாரு சார் தோண்டப் போறாங்கோ?"

"நாங்கதான்" என்றான் ரூபேஷ், கொஞ்சம் வெட்கத்தோடு.

வட்டக் கண்காணிப்பாளர் விநாயக் உள்ளறையில் இருந்தார். தமிழ் நன்றாகப் பேசுவார்; நடுநடுவே கன்னடம் எட்டிப் பார்க்கும். எவ்வளவு சின்ன விஷயத்தையும் எழுந்து நின்றுதான் பேசுவார். ஒரு ஆள் எதிரே இருந்தால் அவருக்கு அது கூட்டம்.

"நோடி பர்னபாஸ், இங்க பாருங்க. அந்த இடம் என்ன? புதைகாடு. ஆயிரக்கணக்கான வருஷமா மனுஷங்க தங்களோட செத்தவங்கள அழுதுகிட்டே கொண்டுவந்து, பயபக்தியோட புதைச்ச இடம். அந்தப் பயபக்தியைக் காப்பாத்தறதுக்குத்தான் நாங்க இருக்கோம். அங்க போய் நீங்க ஒருத்தரைப் புதைக்கலாமா? சொல்லுங்க."

"அவங்கள்லாம் பொதச்சாங்களே சார்."

"அவங்க வாரியம் வர்றதுக்கு முன்னாடி புதைச்சாங்க."

"எம் பொண்ணையும் வாரியம் வர்றதுக்கு முன்னாடிதான் சார் பொதச்சோம்."

"அதனாலதானே அவங்களை நாங்க ஒண்ணும் சொல்லல!" விநாயக் பெருந்தன்மையோடு இரண்டு கைகளையும் விரித்தார். பிறகு படிவத்தைப் பார்த்து நெற்றியைச் சுருக்கினார். "காலமான தேதி காலியா இருக்கே."

"இன்னும் இல்லீங்க சார்."

"இன்னும் இல்லையா?" ஏமாற்றப்பட்டவரின் குரல் அது. "அப்ப எதுக்கு வந்தீங்க? மரணச் சான்றிதழ் இல்லாம இந்தக் கோப்பு உயிர் பெறாது. சான்றிதழ் வந்த தேதியிலிருந்து நாற்பத்தைந்து வேலை நாள்ல பரிசீலிப்போம்."

"அது வரைக்கும் அவள எங்க சார் வெக்கிறது?"

"எங்க இருக்காங்களோ அங்கேயே. எதையும் இருந்த இடத்தை விட்டு அசைக்காம இருக்கறதுதான் எங்களோட முதல் கோட்பாடு."

பர்னபாஸ் வணக்கம் சொல்லிவிட்டு இறங்கினார். எலும்புக்கூடு அவரைப் பார்த்துச் சிரித்தது போலிருந்தது. அதற்கு வேறு முகபாவம் கிடையாது என்று சமாதானம் சொல்லிக்கொண்டார்.

"இன்னா சொன்னாங்க?" என்று கட்டிலில் இருந்தபடியே கேட்டாள் ஈவ்லின். இருபத்திரண்டு வருஷம் பெங்களூர் கார்மென்ட்ஸுக்கு விடியற்காலை ரயிலில் நின்றுகொண்டே போய் வந்தவள். படுத்துக்கொண்டிருப்பது அவளுக்கு இன்னும் பழகவில்லை.

"நீ செத்துட்டு வரணுமாம்."

"செத்துட்டு எப்டி வர்றது? நீங்க கேக்கலியா?"

"கேக்க வாய் வரல."

"மூவாயிரம் வருஷம் முந்தி செத்திருக்கணும் நானு. வேலி போட்டு, போர்டு நட்டு, வாட்ச்மேன் வெச்சிருப்பாங்கோ. இப்ப செத்தா இன்னா மரியாத?" சிரித்தாள். சிரிப்பு பாதியில் இருமலாகியது. இருமி முடித்ததும் சுவர்ப்பக்கம் திரும்பிக்கொண்டு, "மரியா இருட்டுன்னா பயப்படும். முப்பது வருஷமா தனியாக் கெடக்குது" என்றாள்.

அடுத்த சனிக்கிழமை ரூபேஷ் தன் லீவு நாளில் டேப்போடு வந்தான். வட்டத்துக்கு வெளியே விழுந்தால் நல்லது என்று அவனுக்கும் ஆசை. கடைசிக் கல்லில் ஒரு முனையை வாட்ச்மேன் பாபு பிடித்துக்கொள்ள, புதரில் கால் கிழித்துக்கொண்டு சிலுவை வரைக்கும் இழுத்தான்.

"தொண்ணூத்தி நாலு அங்கிள்" என்றான் வந்து. "டேப்பத் தொளதொளன்னு விட்டுக்கூடப் பிடிச்சேன். அப்பவும் தொண்ணூத்தி நாலுதான் வருது. ஆறு மீட்டர் பத்தல."

அவன் விட்டுப்போன நோட்டீஸ் நகலை ஈவ்லின் கண்ணாடி போட்டுக்கொண்டு மூன்று தடவை படித்தாள்.

"இன்னாங்க, இங்க வாங்க. 'தடை வட்டத்துக்குள் நிலத்தின் மேற்பரப்பைக் கிளறுதல் கூடாது'ன்னு போட்டிருக்குது."

"ஆமா."

"மேல்பரப்பு."

"ஆமா, அதான்."

"உங்களுக்கு மேல இன்னா வேல? இருபத்தாறு வருஷம் கீழயே கெடந்த மனுஷன். எட்டாயிரம் அடி எறங்கினவருக்கு இருபது அடி படுக்கையாப் போவத் தெரியாதா?"

சுரங்கத்தில் பர்னபாஸ் டிம்பர்மேன். மேலே இருக்கும் பாறை கீழே இருக்கும் மனிதன் மேல் விழாமல் மரம் கொடுத்து நிறுத்துகிற வேலை. சுரங்கம் மூடிய பிறகு அவர் நிறுத்தியதெல்லாம் பந்தல்கால்தான்.

கல்லறைத் தோட்டத்துச் சுவரை ஒட்டி, சுரங்கத் தொழிலாளர்களுக்கு வரிசையாகக் கட்டிய லைன் வீடுகளின் கடைசி வீடு வாசுவுடையது. வாசு அவரோடு வேலை பார்த்த டிரில்லர். கல்லைத் துளைத்துத் துளைத்து இரண்டு காதும் போனவர். அந்த இடத்தில் சுவர்தான் தடை வட்டத்தின் கோடு. சுவருக்கு அந்தப் பக்கம் இருபதடியில் மரியா. இந்தப் பக்கம் வாசுவின் புழக்கடை.

"வாசு, ஒரு டிரைவ் அடிக்கணும்!" என்று பர்னபாஸ் கத்தினார். சுரங்கத்தில் படுக்கைவாட்டில் வெட்டிப் போகும் வழிக்கு டிரைவ் என்று பெயர்.

"இன்னா?"

"டிரைவ்! இருபதடி! ஈவ்லினுக்கு!"

"எந்த லெவல்?"

"ஏழடி லெவல்!"

வாசு எழுந்து மூலையில் கிடந்த உளியை எடுத்தார். பிறகு, "ஷிஃப்ட் எத்தினி மணிக்கு?" என்று கேட்டார்.

மூன்றாவது ஆள் சௌந்தரராஜன். சர்வே ஆபீஸில் அளவுச் சங்கிலி பிடித்தவர். எதையும் மூன்று முறை அளக்காமல் சாப்பாட்டில்கூடக் கை வைக்கமாட்டார். மூவருக்கும் எழுபதைச் சுற்றி வயது. காலை ஆறு மணிக்கு ஷிஃப்ட் ஆரம்பம், பத்தரைக்கு முடிவு. பாபு பதினோரு மணிக்குத்தான் வேலிக்கு வருவான். வந்ததும் பதிவேட்டைத் திறந்து, 'சின்னங்கள்: 11. கூடுதல்: இல்லை. குறைவு: இல்லை' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டுவிட்டு போனில் படம் பார்ப்பான். இரண்டு வருஷமாக அதே வரி.

யாராவது கேட்டால் கக்கூஸ் குழி என்று சொல்வதாக ஏற்பாடு. யாரும் கேட்கவில்லை. கோலார் தங்கவயலில் குழி தோண்டும் கிழவனைப் பார்த்து ஆச்சரியப்பட ஆள் கிடையாது.

வாசு படுத்தபடி வெட்டினார். சௌந்தரராஜன் சாணிக்கூடையில் உடைந்த கல்லையும் மண்ணையும் இழுத்து மேலே கொட்டினார். பர்னபாஸ் யூகலிப்டஸ் கழி, உடைந்த பெஞ்சு, பழைய கட்டிலின் நாலு கால் என்று கிடைத்ததையெல்லாம் அறுத்து, செதுக்கி, ஆப்பு வைத்து நிறுத்தினார். நாளுக்கு ஒரு அடி. மதியம் அவர் மண்ணும் வேர்வையுமாக வந்து கட்டிலருகே உட்கார்ந்ததும் ஈவ்லின் கேட்பாள்: "எத்தினி அடி?"

"ஒம்போது."

"தலையிடிக்குமா எனக்கு?"

"நாலடி ஒசரம். நீ படுத்துக்கினுதானே வரப்போறே."

"எளச்சுத்தான் போயிட்டேன். மூணடிக்கே வந்துடுவேன்." கல்யாணத்துக்கு நகை பார்க்கும் பெண்ணைப் போல ஒவ்வொரு நாளும் கேட்டாள். அந்த இரண்டு வாரமும் அவளுக்கு முகம் தெளிவாக இருந்தது.

பதினாலாவது அடியில் வாசுவின் உளி வேறு மாதிரி சத்தம் கொடுத்தது. அவருக்குக் காதில் கேட்கவில்லை, மணிக்கட்டில் கேட்டது. நேராக நட்டுவைத்த ஒரு பலகைக் கல். அதன் விளிம்பு சரிந்ததும் உள்ளே ஒரு சின்ன அறை தெரிந்தது. நாலு பக்கமும் பலகைக் கல், மேலே ஒரு மூடு கல். பர்னபாஸ் டார்ச்சோடு நகர்ந்து பார்த்தார். கருப்புச் சட்டி ஒன்று. ஒரு பக்கமாக ஒதுங்கி, சுருண்டு படுத்த வாக்கில் எலும்புகள். சின்ன எலும்புகள். அறையின் மற்ற பாதி காலியாக இருந்தது. மேலே பதினோரு மேடு இருக்கிறது; இது கணக்கில் வராத பன்னிரண்டாவது. மேடு கரைந்து, கல் போய், மேலே கல்லறைத் தோட்டம் வந்துவிட்டிருக்கிறது.

சட்டிக்குப் பக்கத்து மண்ணில் எதுவோ மின்னியது. கேழ்வரகு அளவில் ஒரு மணி. யோசிக்காமல் எடுத்து உள்ளங்கையில் வைத்தார். பிறகுதான் யோசித்தார். தங்கம்.

மூவரும் மேலே வந்தார்கள். வந்ததும் ஒரு காரியம் நடந்தது. பர்னபாஸின் இரண்டு கைகளும் தாமாகவே பக்கவாட்டில் உயர்ந்தன. வாசுவின் கைகளும் உயர்ந்தன. சௌந்தரராஜன் வாயை வேறு திறந்து காட்டிக்கொண்டு நின்றார். சுரங்கத்தில் ஷிஃப்ட் முடிந்து கேஜ் கூண்டில் மேலே வந்தால் கையை விரித்து நிற்க வேண்டும். காவலாள் தலைமுடியிலிருந்து கால்விரல் இடுக்கு வரைக்கும் தடவிப் பார்த்துத்தான் விடுவான். சுரங்கம் மூடி இருபது வருஷத்துக்கு மேலாயிற்று. எதிரே காவலாள் இல்லை. வாசுவின் கோழி இரண்டு நின்றுகொண்டிருந்தன.

முதலில் கையை இறக்கியவர் சௌந்தரராஜன். "யோவ், கையில இன்னா?"

பர்னபாஸ் காட்டினார்.

"அய்யய்யோ! எட்த்துக்கினு வந்துட்டியா? கீழ வெச்சுட்டு வாய்யா!"

"மேல வந்தாச்சே சௌந்தரு."

"திருப்பி எறங்கு."

"பொருளோட எறங்கினா அது வேற கேஸு" என்றார் வாசு. அவருக்குக் கேட்டதே ஆச்சரியம். "பிலிப்பு கத என்னா ஆச்சு? டிபன் பாக்ஸு மூடியில ஒரு சிட்டிக தங்க மண்ணு. அப்படியே வூட்டுக்கு அனுப்பிட்டாங்கோ. கீழ கெடச்சா ஷிஃப்ட் பாஸ் கையில குடுக்கணும். அவ்ளோதான்."

"ஷிஃப்ட் பாஸுக்கு எங்கடா போறது? செத்து பதினேழு வருஷம் ஆவுது!"

ஈவ்லினிடம் கேட்டபோது அவள் மணியைக் கையில் வாங்கவில்லை. "சின்னப் பிள்ளைன்னா சொல்றீங்க?" என்று மட்டும் கேட்டாள். "அப்ப அது அந்தப் பிள்ளையோடது. கொண்டுபோய் வெச்சுடுங்க. பக்கத்துல வளைஞ்சு போங்க. நானு ரெண்டு பிள்ளைக்கும் நடுவுல இருந்துட்டுப் போறேன்."

பர்னபாஸ் சரி என்றார். மணியைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு வாசு வீட்டுப் பக்கம்தான் நடந்தார். வழியில் காக்கிச் சட்டை போட்ட தபால்காரர் ஒருவர் சைக்கிளில் போக, இவருக்கு முதுகில் வேர்த்தது. இருபத்தாறு வருஷத்தில் ஒரு குண்டுமணி வெளியே கொண்டுவராத மனிதர். சட்டைப் பையில் தங்கத்தோடு நூறு அடி நடப்பது அவருக்கு எட்டாயிரம் அடி இறங்குவதைவிடப் பெரிய விஷயம். அதோடு இன்னொரு யோசனையும் கூடவே வந்தது. ஒளித்து ஒளித்து எதற்குத் தோண்ட வேண்டும்? இதை வாரியத்திடம் நேர்மையாகக் கொடுத்தால், அவர்களும் மனிதர்கள்தானே, பதிலுக்கு ஆறு மீட்டர் மண்ணைத் தரமாட்டார்களா? ஈவ்லின் மேல்வழியாகவே, எல்லாரையும் போல, பாட்டோடு போகலாமே.

அவர் கால் ரயில்வே ஸ்டேஷனுக்குத் திரும்பிற்று.

விநாயக் அந்த மணியை லென்ஸில் பார்த்தார். பர்னபாஸைப் பார்த்தார். எழுந்து நிற்கப் பார்த்தார், ஏற்கெனவே நின்றுகொண்டிருந்ததால் உட்கார்ந்துவிட்டு மறுபடி எழுந்தார்.

"நீங்க யாருன்னு உங்களுக்கே தெரியாது பர்னபாஸ்!" என்றார். "ரூபேஷ், இவரோட வாக்குமூலத்தை எழுதிக்கோ. அப்புறம் இவருக்கு ஒரு காபி சொல்லு. இந்த வரிசை மாறக்கூடாது."

"சார், எங்க வூட்டம்மா விஷயம்…"

"எல்லாத்தையும் கவனிக்கிறோம்."

கவனித்தார்கள். மூன்று நாளில் லாரிகள் வந்தன. வாசுவின் புழக்கடையில் கூடாரம் போட்டார்கள். பாபு பதிவேட்டில் முதல் முறையாகக் 'கூடுதல்: 1' என்று எழுதினான், பழக்கமில்லாததால் அது ஏழு போல விழுந்து, மீதி ஆறு எங்கே என்று பெங்களூரிலிருந்து விளக்கம் கேட்டார்கள். குழிக்குள் இறங்கிப் பார்த்த பெரிய நிபுணர் ஒருவர், மரங்கள் நிறுத்தியிருந்த நேர்த்தியைப் பார்த்து அசந்துபோய், அந்தக் காலத்து மக்களுக்குச் சுரங்க வித்தை தெரிந்திருந்தது என்று எழுதினார்.

"சார், அது எங்க வூட்டுக் கட்டில் காலு" என்றார் பர்னபாஸ்.

"இந்தப் பொருள் குறித்துக் கருத்துச் சொல்லும் தகுதி உங்களுக்கு இருப்பதாகக் கோப்பில் இல்லை" என்றார் நிபுணர்.

"அடியில பிளாஸ்டிக் குல்லா போட்டிருக்குது பாருங்க சார்."

நிபுணர் குனிந்து பார்த்தார். 'சடங்குப் பொருளாக இருக்கலாம்' என்று எழுதிக்கொண்டார். ரூபேஷ் வானத்தைப் பார்த்துக்கொண்டு நின்றான்.

பாராட்டு விழாவைக் கல்லறைத் தோட்டத்திலேயே வைத்தார்கள். மண்ணைத் தோண்டக்கூடாது என்பதால் சாமியானாவின் கால்களை மணல் நிரப்பிய டிரம்களில் நிறுத்தியிருந்தார்கள். காற்றடித்தபோதெல்லாம் பந்தல் கல்லறைகளின் மேல் இரண்டடி நகர்ந்தது. பர்னபாஸுக்கு முன்வரிசை. மேடையேற்றி ஒரு கையில் சால்வையும் மறு கையில் ஒரு கவரும் கொடுத்தார்கள். கவரில், அனுமதியின்றி அகழ்ந்ததற்கு ஏன் நடவடிக்கை எடுக்கக்கூடாது என்று கேட்டிருந்தது.

விநாயக் மைக்கைப் பிடித்தார்.

"அன்பர்களே! அந்தக் கல்லறையில் நாம் என்ன பார்த்தோம்? ஒரு பிஞ்சுக் குழந்தை. பத்து, பதினோரு வயது. அதன் பெற்றோர் எவ்வளவு பாசத்தோடு ஒரு தங்கமணியை வைத்து அனுப்பியிருக்கிறார்கள்! இன்னொன்றைப் பாருங்கள். குழந்தையை ஒரு ஓரமாகப் படுக்கவைத்து, பக்கத்தில் இடம் விட்டிருக்கிறார்கள். யாருக்கு? தங்களுக்கு! பின்னால் நாங்களும் வருவோம், உன் பக்கத்தில் படுப்போம் என்று அந்தத் தாய் அந்தக் குழந்தைக்கு வாக்குக் கொடுத்திருக்கிறாள். ஆனால் அந்த இடம் காலியாகவே கிடக்கிறது. தாய் வரவில்லை. ஏன் வரவில்லை? எந்தப் படுபாவி அவளை வரவிடாமல் தடுத்தான்? போரா? பஞ்சமா? இதைக் கண்டுபிடிக்கும் வரை வாரியம் ஓயாது!"

அவருக்கு நிஜமாகவே கண் கலங்கியது. கைக்குட்டையால் துடைத்துக்கொண்டு, அடுத்த அறிவிப்பைப் படித்தார். பன்னிரண்டாவது சின்னம் கிடைத்துவிட்டதால் தடை வட்டம் இனி அங்கிருந்து அளக்கப்படும். புதிய நூறு மீட்டரில் கல்லறைத் தோட்டம் முழுவதும் வருகிறது. பர்னபாஸின் வீடும் சேர்த்து மூன்று லைன் வீடுகளும் வருகின்றன. குடியிருப்பவர்கள் இருக்கலாம், ஆனால் அதிர்வு உண்டாக்கும் எந்த வேலையும், சுவரில் ஒரு ஆணி அடிப்பது உள்பட, கூடாது.

கைதட்டல் ஓய்ந்ததும் பர்னபாஸ் மேடைக்குப் பின்னால் போய் அவரைப் பிடித்தார்.

"சார், நீங்க சொன்ன அதே இடந்தான் சார் நானும் கேக்குறேன். என் பொண்ணு பக்கத்துல."

விநாயக் அவர் தோளில் கைபோட்டார். "உங்க வலி எனக்குப் புரியுது. ஆனா ஒண்ணு யோசிங்க. முந்தி ஆறு மீட்டர்தான் குறைவா இருந்தது. ஏதோ பேசிப் பார்த்திருக்கலாம். இப்ப உங்க பொண்ணு வட்டத்தோட நடுவுல இருக்காங்க. அது எவ்வளவு பெரிய பாதுகாப்பு!"

வீட்டுக்கு வந்து எல்லாவற்றையும் சொன்னார். ஈவ்லின் கோபித்துக்கொள்வாள் என்று எதிர்பார்த்தார். அவள் சால்வையை இழுத்து, துணியை விரலால் நிமிண்டிப் பார்த்தாள். கார்மென்ட்ஸ் கை.

"பாலியஸ்டர்" என்றாள். சால்வையை மடித்து வைத்துவிட்டு, "பரவால்ல, உடுங்க. ஒளிச்சு வெக்க உங்களுக்குக் கை வராதுன்னு எனக்குத் தெரியும். தெரிஞ்சுதானே கட்டிக்கினேன்" என்றாள். அதற்குப் பிறகு எத்தனை அடி என்று அவள் கேட்கவில்லை.

குருத்தோலை ஞாயிறு முடிந்த புதன்கிழமை விடியும்போது போய்விட்டாள்.

பெட்டி வந்தது. பாதிரியார் வந்தார். பெட்டியை மூடி வாசு சுத்தியலை எடுத்தபோது பாபு ஓடிவந்தான். அவன் கண்ணெல்லாம் சிவந்திருந்தது. ஈவ்லின் கையால் அவன் எத்தனையோ தடவை சோறு வாங்கித் தின்றிருக்கிறான்.

"தப்பா எடுத்துக்காதீங்க மாமா. ஆணி அடிக்கறதுன்னா… வட்டத்துக்கு வெளிய."

யாரும் அவனைத் திட்டவில்லை. ஆணியில்லாத பெட்டியை நாலு பேர் தூக்கிக்கொண்டு, மூடி நழுவாமல் பர்னபாஸ் இரண்டு கையாலும் அழுத்திப் பிடித்துக்கொண்டு, மூன்று லைன்களையும் தாண்டி ரேஷன் கடை வாசலுக்குப் போனார்கள். அங்கே பாபுவே டேப் பிடித்து, "நூத்தி ரெண்டு. இங்க அடிக்கலாம்" என்றான். கியூவில் நின்றவர்கள் செருப்பைக் கழற்றினார்கள். எட்டு ஆணி.

பங்காருபேட்டைக் கல்லறையில் இடம் கிடைத்தது. அங்கே பாறை இல்லை. ஜேசிபி கால் மணி நேரத்தில் தோண்டிக் கொடுத்துவிட்டுப் போயிருந்தது. ஜெபம் முடிந்து, பெட்டியை இறக்கி, எல்லாரும் ஆளுக்கொரு பிடி மண் போட்டுவிட்டு ரயிலுக்கு நேரமாயிற்றென்று கிளம்பினார்கள். கடைசியில் மூன்று கிழவர்களும் ரூபேஷும் நின்றார்கள். ரூபேஷ் லீவு போட்டுவிட்டு வந்திருந்தான். குழிக்குள் எட்டிப் பார்த்துவிட்டு, "கண்ணாடி வெச்சீங்களா அங்கிள்?" என்றான்.

"வெச்சேன் சார்."

சௌந்தரராஜன் இடுப்பிலிருந்து பித்தளைத் திசைகாட்டியை எடுத்து, உள்ளங்கையில் வைத்து, மூன்று முறை பார்த்தார். பிறகு தென்கிழக்கே கை நீட்டினார். "மரியா அந்தப் பக்கம். நேரா ஒம்போதரை கிலோமீட்டரு."

"இன்னா?" என்றார் வாசு.

"ஒம்போதரை கிலோமீட்டரு!"

"அடியில சொல்லு!"

"முப்பத்தோராயிரத்துச் சொச்சம்!"

வாசு மனசுக்குள் கணக்குப் போட்டார். "நாளைக்கு ஒரு அடி. எம்பத்தஞ்சு வருஷம்."

"ஞாயித்துக்கிழம லீவு வுடணும்" என்றார் சௌந்தரராஜன். "பொங்கலு, கிறிஸ்மஸ் வேற. நூறுன்னு வெச்சுக்க."

ரூபேஷ் பர்னபாஸைப் பார்த்தான். பர்னபாஸ் முட்டி போட்டு, குழியின் ஓரத்தில் கைவிட்டு, பக்கச் சுவரிலிருந்து மண்ணைக் கொஞ்சம் கிள்ளி எடுத்தார். இரண்டு விரலுக்கு நடுவே வைத்து நசுக்கிப் பார்த்தார்.

"மண்ணு மெத்துனுதான் இருக்குது" என்றார்.